பெல்ஜியம்: ஒரு கடி சாக்லேட், ஒரு மடக்கு பீர்!

பிரஸ்ஸல்ஸ் நகரின் நடுவே செயின்ட் ஹூபர்ட் என்றொரு கடைவீதி இருக்கிறது. 1847-ல் திறக்கப்பட்டது. வீதி முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். வெளியே மழை கொட்டினாலும் உள்ளே வெளிச்சம் கொட்டும். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ழான் நியூஹாஸ் என்பவர் 1857-ல் இங்கே ஒரு மருந்துக் கடையைத் திறந்தார். மாத்திரை கசக்கிறது என்று முகம் சுளித்தவர்களுக்கு, அதன்மேல் சாக்லேட் பூசிக் கொடுத்தார். கஷாயம் குடித்த வாயில் நம் பாட்டிகள் வெல்லத்துண்டைப் போட்டது போன்ற வைத்தியம்தான்.

1912-ல் அவருடைய பேரன், சாக்லேட் கூட்டுக்குள் மருந்துக்குப் பதிலாக இனிப்புப் பூரணத்தை வைத்தார். அதுதான் பெல்ஜியத்தின் புகழ்பெற்ற 'பிரலின்'. ஒரே வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய சாக்லேட் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். காகிதக் கூம்பில் போட்டுக் கொடுத்தால் பிரலின்கள் நசுங்கிப்போகின்றன என்று, 1915-ல் பேரனின் மனைவி அட்டைப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இன்று உலகமெங்கும் பரிசாகக் கைமாறும் சாக்லேட் பெட்டிக்கு அதுவே முன்னோடி. நியூஹாஸ் கடை இன்றும் அதே வீதியில் இருக்கிறது.

அந்தக் கண்ணாடிக் கூரையைவிட்டு வெளியே வந்து, சந்துகளுக்குள் சில நிமிடங்கள் நடந்தால் வேறு வாசனை. பீர் விற்கும் கஃபேக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்றான 'டெலிரியம் கஃபே', 2004-ம் ஆண்டில் 2,004 வகை பீர்களை வைத்திருந்து கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தது. ஒவ்வொரு பீருக்கும் தனிக் கோப்பை உண்டு. துலிப் பூ மாதிரி ஒன்று, தேவாலயக் கிண்ணம் மாதிரி ஒன்று, மரச்சட்டத்தில் செருகி வைத்த குடுவை மாதிரி ஒன்று. கோப்பை மாறிவிட்டால் பரிமாறுபவர் மன்னிப்பு கேட்கும் ஊர் அது.

பரப்பளவில் பெல்ஜியம், தமிழ்நாட்டின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால், அதன் பீர் கலாசாரத்தை 2016-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சாக்லேட் விஷயத்தில் அந்த நாட்டுக்கு அறிமுகமே தேவையில்லை. பக்கத்துப் பக்கத்துச் சந்துகளில் வளர்ந்த இந்த இரண்டையும் இப்போது ஒரே மேசையில் சேர்த்து வைக்கிறார்கள். 'எந்த சாக்லேட்டுக்கு எந்த பீர்?' என்று சொல்லிக் கொடுக்கும் ருசிபார்க்கும் சுற்றுலாக்கள் பிரஸ்ஸல்ஸிலும் ப்ரூஜ் நகரிலும் தினமும் நடக்கின்றன.

'சாக்லேட்டோடு பீரா?' என்று முகம் சுளிப்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால், இரண்டின் ஜாதகத்தையும் பார்த்தால் பொருத்தம் ஏன் கூடுகிறது என்பது புரியும்.

புளித்தது, வறுத்தது!

கோகோ காயை உடைத்தால் உள்ளே சீத்தாப்பழம் மாதிரி வெள்ளைச் சதை, அதற்குள் விதைகள். பச்சை விதையை வாயில் போட்டால் துவர்ப்பும் கசப்பும்தான். சாக்லேட் வாசனையே இருக்காது. மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகள், சதையோடு சேர்த்து விதைகளைக் குவித்து, வாழை இலையால் மூடி ஐந்தாறு நாள்கள் விட்டுவிடுவார்கள். முதலில் ஈஸ்ட் நுண்ணுயிரிகள் சதையில் உள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். பிறகு பாக்டீரியாக்கள் அந்த ஆல்கஹாலைக் காடியாக்கும். குவியலுக்குள் சூடு 50 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும்தான் சாக்லேட் சுவைக்கான விதை விழுகிறது. பிறகு வெயிலில் உலர்த்தி, தொழிற்சாலையில் வறுப்பார்கள்.

பீரின் கதை இதைத் திருப்பிப்போட்டது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்துவார்கள். சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டி வறுக்கும் அதே வேலை. அந்த முளைத் தானியம்தான் மால்ட். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். சாக்லேட்டில் முதலில் புளிப்பு, பிறகு வறுவல். பீரில் முதலில் வறுவல், பிறகு புளிப்பு. வரிசை மட்டும்தான் வேறு.

வறுக்கும்போது புரதமும் சர்க்கரையும் சூட்டில் கலந்து பழுப்பு நிறமும் வாசனையும் உண்டாகின்றன. தோசை முறுகுவதும், காபிக்கொட்டை மணப்பதும் இதனால்தான். இதை 1912-ல் முதலில் விளக்கியவர், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மையார். பிரலின் பிறந்த அதே ஆண்டு! கறுப்பு நிற பீர்களுக்குப் பயன்படும், நன்றாக வறுத்த ஒருவகை மால்ட்டுக்கு 'சாக்லேட் மால்ட்' என்றே பெயர். அதில் ஒரு துளி சாக்லேட் கிடையாது. நிறமும் மணமும் அப்படி இருப்பதால் வந்த பெயர்.

உறவு இன்னும் பழையதாகவும் இருக்கலாம். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் கிடைத்த 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்பாண்டங்களில் கோகோவின் தடயம் இருந்ததாக 2007-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அங்கே முதலில் குடித்தது, கோகோ பழச் சதையைப் புளிக்கவைத்த பானமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அப்படியானால், மனிதன் முதலில் கோகோவிலிருந்து ஒருவகை 'பீர்' செய்தான். சாக்லேட் பிறகுதான் வந்தது.

பெல்ஜியத்திலேயே இதற்கொரு சாட்சி இருக்கிறது. உலகெங்கும் பேக்கரிகளுக்கும் சாக்லேட் கடைகளுக்கும் மூலச் சாக்லேட்டை வழங்கும் காலிபோ நிறுவனம், வீஸ் என்ற பெல்ஜிய கிராமத்தில் 1850-ல் தொடங்கியபோது பீர் வடித்துக்கொண்டிருந்தது. 1911-ல்தான் சாக்லேட்டுக்கு வந்தது. இன்று அதே வீஸில் இருப்பது உலகின் மிகப்பெரிய சாக்லேட் தொழிற்சாலைகளில் ஒன்று.

ஜோடி சேர்க்கும் முறை

ருசிபார்க்கும் மேசையில் சொல்லப்படும் முதல் விதி: பீர் ஜில்லென்று இருக்கக் கூடாது. கோகோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில், அதாவது நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. அதனால்தான் சாக்லேட் கையில் நிற்கிறது, நாக்கில் கரைகிறது. ஐஸ் போன்ற பீரைக் குடித்தால் வாய் குளிர்ந்து, சாக்லேட் மெழுகு மாதிரி உறைந்துவிடும். அடர்ந்த பீர்களை 12, 13 டிகிரியில் பரிமாறுகிறார்கள்.

இரண்டாவது விதி: முதலில் சாக்லேட். ஒரு சிறு துண்டைக் கடித்து, மெல்லாமல் நாக்கில் பாதி கரையவிட வேண்டும். பிறகு ஒரு மடக்கு பீர். சாக்லேட்டின் கொழுப்பு நாக்கில் போர்வை மாதிரி படிந்திருக்கும். பீரின் குமிழிகள் அதை வழித்தெடுத்துவிடும். அடுத்த கடி முதல் கடிபோலவே ருசிக்கும்.

மூன்றாவது விதி: லேசானதில் தொடங்கி அடர்த்தியானதில் முடிப்பது. நடுநடுவே தண்ணீரும் ஒரு துண்டு ரொட்டியும். இனி ஜோடிகள்.

வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெயும் பாலும் சர்க்கரையும்தான், கசப்பே கிடையாது. அதற்குக் கோதுமை பீர் நல்ல துணை. ஹூகார்டன் என்ற ஊரில் அழிந்தே போயிருந்த இந்த வகையை, அதே ஊரில் பால் விற்றுக்கொண்டிருந்த பியர் செலிஸ் 1960-களில் மீட்டெடுத்தார். அதில் சேர்வது கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும். நம் அடுக்களைச் சரக்கு பெல்ஜிய பீரில் மணக்கிறது! அந்தப் புத்துணர்ச்சி, வெள்ளைச் சாக்லேட்டின் திகட்டலை உடைக்கிறது.

பால் சாக்லேட்டுக்கு 'துப்பெல்' என்ற பழுப்பு பீர். உலர்திராட்சையும் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் கலந்த மணம். பாலின் மென்மையோடு அது சண்டை போடாது. கொட்டைப் பருப்பு அரைத்த பிரலினுக்கும் இதுவே பொருந்தும்.

ஆரஞ்சுத் தோலைப் பாகில் ஊறவைத்து டார்க் சாக்லேட்டில் தோய்த்த குச்சிகள் பெல்ஜியக் கடைகளில் பிரபலம். அவற்றுக்கு 'திரிப்பெல்' என்ற பொன்னிற பீர். அதிலேயே ஒரு பழவாசனையும் மிளகுக் காரமும் இருக்கும்.

எழுபது சதவிகித டார்க் சாக்லேட்டுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அதைப்போலவே கனமான கறுப்பு பீர். ரோஷ்ஃபோர் மடத்துத் துறவிகளின் '10'-ம் எண் பீர் இதற்குப் பெயர்பெற்றது. இன்னொன்று, நேரெதிரான வழி: செர்ரிப் பழம் ஊறிய புளிப்பு பீரான 'க்ரீக்'. நம் ஊர் பேக்கரியில் பிளாக் ஃபாரஸ்ட் கேக் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஜோடியின் ரகசியம் தெரியும். சாக்லேட்டும் செர்ரியும் அங்கேயும் அதே ஜோடிதான்.

சேரவே சேராத ஜோடிகளும் உண்டு. ஹாப்ஸ் தூக்கலாகக் கசக்கும் பீரோடு 85 சதவிகித டார்க் சாக்லேட்டைச் சேர்த்தால், கசப்பின் மேல் கசப்பேறி இரண்டின் நல்ல குணமும் காணாமல்போகும். சாதாரண, லேசான பீரோடு எந்தச் சாக்லேட்டைச் சேர்த்தாலும் பீர் வெறும் தண்ணீராகத் தோன்றும். எந்தப் பக்கமும் மற்றதை அமுக்கக் கூடாது. ஜோடி சேர்ப்பதன் மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கையையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். சாதாரண பீரில் ஆல்கஹால் 5 சதவிகிதம் என்றால், ரோஷ்ஃபோர் 10-ல் அது 11.3 சதவிகிதம். இரண்டு மடங்குக்கும் மேல். ருசிபார்க்கும் மேசையில் சிறு கோப்பைகள் வைக்கப்படுவது அதனால்தான். குடிப்பழக்கம் இல்லாதவர்கள், குடிக்கக் கூடாதவர்கள் இதே விதிகளைச் சர்க்கரை குறைந்த காபியோடும் ஆரஞ்சுச் சாற்றோடும் முயன்று பார்க்கலாம். வறுவலும் புளிப்பும் அங்கேயும் இருக்கின்றன.

இட்லி மாவு பீர்!

க்ரீக் பீரின் பிறப்பிடத்தைப் பார்க்க பிரஸ்ஸல்ஸின் மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆண்டெர்லெக்ட் பகுதியின் ஒரு சாதாரணத் தெருவில், பழைய கார் ஷெட் மாதிரி ஒரு வாசல். அதுதான் 1900-ல் தொடங்கிய காண்டியோன் மதுவடிப்பகம். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகிறது. பார்வையாளர்களுக்கு அருங்காட்சியகமாகவும் இருக்கிறது.

இங்கே ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. கொதித்த பார்லி, கோதுமைச் சாற்றை மாடியில் உள்ள பெரிய, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றி, ஓட்டு இடைவெளிகளின் வழியே இரவுக் காற்று வரும்படி விட்டுவிடுகிறார்கள். காற்றிலும் கூரை மரங்களிலும் வாழும் நுண்ணுயிரிகள் தாமாகவே வந்து இறங்குகின்றன. காலையில் அதை மரப்பீப்பாய்களுக்கு மாற்றி, வருடக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். இதற்கு 'லாம்பிக்' என்று பெயர். ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு லாம்பிக்குகளைக் கலந்தால் 'கஸ்'. புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் க்ரீக்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஆச்சர்யம் இருக்காது. இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் வாங்கிப் போடுகிறார்கள்? மாவிலும் பாத்திரத்திலும் கையிலும் இருப்பவைதான் அதைப் பொங்கவைக்கின்றன. ஒரு வித்தியாசம்: நம் மாவுக்கு வெதுவெதுப்பு வேண்டும், லாம்பிக்குக்குக் குளிர் வேண்டும். இரவு வெப்பம் அதிகமானால் வேண்டாத கிருமிகள் நுழைந்து சாறு கெட்டுவிடும். ஆகவே, அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை குளிர்காலத்தில்தான் வடிப்பு நடக்கும். பீப்பாய் அறைகளில் சிலந்திவலையைக்கூடக் கலைப்பதில்லை. பழத்தைத் தேடிவரும் பூச்சிகளைச் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன.

அந்தக் குளிர்தான் இப்போது நம்பமுடியாததாகிவிட்டது. 2015 நவம்பரில் இரவுகள் மிதமிஞ்சிச் சூடாக இருந்ததால், தொடங்கிய பருவத்தைக் காண்டியோன் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு முன்பு இருந்ததைவிட வடிப்புக்கு ஏற்ற நாள்கள் குறைந்திருக்கின்றன. குளிரூட்டும் இயந்திரம் வைத்தால் ஆகாதா? வைக்கலாம். ஆனால், அந்த இரவுக் காற்றில் வந்து இறங்குவதுதான் இந்த பீரின் சுவை. காற்றை வெளியே நிறுத்திவிட்டால், மீதமிருப்பது வேறு பீர்.

பெயரில்லா பாட்டில்

நாட்டின் மேற்கு மூலையில், ஹாப்ஸ் கொடிகள் விளையும் வயல்களுக்கு நடுவே வெஸ்ட்ஃப்ளெட்டரன் கிராமம். அங்குள்ள செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் வடிக்கும் பீரை 'உலகிலேயே சிறந்தது' என்று 2005-ல் பீர் ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மடத்து வாசலில் கார்கள் மைல்கணக்கில் நின்றன. துறவிகள் மகிழ்ச்சியடையவில்லை; உற்பத்தியைக் கூட்டவும் இல்லை. மடம் வாழ்வதற்குத் தேவையான அளவு வடிப்பதே அவர்கள் கொள்கை. முன்பதிவு செய்தவர்கள் மடத்து வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2012-ல் மட்டும், மடத்தைப் புதுப்பிக்கும் செலவுக்காக வெளிநாடுகளுக்கும் ஒருமுறை அனுப்பினார்கள்.

இத்தகைய மடத்து பீர்களுக்கு 'டிராப்பிஸ்ட்' என்று பெயர். அந்தப் பெயரை யாரும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. பீர் மடத்தின் மதிலுக்குள் வடிக்கப்பட வேண்டும். துறவிகளின் மேற்பார்வை வேண்டும். வருமானம் மடத்துக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தில் வெஸ்ட்மால், வெஸ்ட்ஃப்ளெட்டரன், ரோஷ்ஃபோர், ஷிமே, ஓர்வல் ஆகிய ஐந்து மடங்களுக்கே அந்த முத்திரை இருக்கிறது. ஆறாவதாக இருந்த ஆஹல் மடத்தில் துறவிகள் இல்லாமல்போனதும், 2021-ல் முத்திரையும் போய்விட்டது. பீர் அதே பீர்தான். ஆனாலும், 'யார், எங்கே' என்ற கேள்விக்கு உண்மையான பதில் மாறிவிட்டதல்லவா?

வெஸ்ட்ஃப்ளெட்டரன் பாட்டில்களில் பல ஆண்டுகள் லேபிளே கிடையாது. மூடியில் இருந்த எழுத்துதான் எல்லாம். அப்படியும் அது எந்தக் கிராமத்து பீர் என்று உலகத்துக்கே தெரிந்திருந்தது.

பெல்ஜிய பீர்கள் இவ்வளவு வலுவாக இருப்பதற்கு ஒரு சட்டமும் காரணம். 1919-ல் சோஷலிஸ்ட் அமைச்சர் எமில் வாண்டர்வெல்ட் கொண்டுவந்த சட்டம், கஃபேக்களில் சாராய வகைகளை விற்பதைத் தடைசெய்தது. தொழிலாளிக் குடும்பங்கள் குடியில் அழியக் கூடாது என்பது நோக்கம். ஆனால், சாராயம் கிடைக்காதவர்கள் கனமான பீரைக் கேட்டார்கள், வடிப்பவர்களும் கொடுத்தார்கள். அதிகம் குடிக்கும் பீர் என்பதிலிருந்து, கொஞ்சமாக, மெதுவாகக் குடிக்கும் பீர் என்ற பக்கம் சுவை நகர்ந்தது. டார்க் சாக்லேட்டுக்கு ஈடுகொடுக்கும் பீர்கள் பெருகியது இந்தக் காலத்தில்தான். இன்று 'திரிப்பெல்' என்று அழைக்கப்படும் பீரை 1934-ல் வெஸ்ட்மால் மடம் கொண்டுவந்ததும் அதற்குப் பிறகுதான்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் ப்ரூஜ். கால்வாய்களும் செங்கல் வீடுகளும் நிறைந்த இந்தப் பழைய நகரில் ஹால்வ மான் என்ற மதுவடிப்பகம் 1856-லிருந்து ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. பாட்டிலில் அடைக்கும் இடம் ஊருக்கு வெளியே. குறுகிய கல்வீதிகளில் டேங்கர் லாரிகள் உறுமிக்கொண்டு போவதைத் தவிர்க்க, 2016-ல் ஊருக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் பீர் குழாய் பதித்தார்கள். செலவில் ஒரு பகுதியை ஊர் மக்களும் ரசிகர்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க பீர்! ஊரைவிட்டு வெளியேறிவிட்டால் அது ஊர் பீராக இருக்காது என்ற பிடிவாதம், குழாயாகப் புதைந்திருக்கிறது.

பெட்டியில் இல்லாத ஊர்

இப்போது மேசையின் மறுபக்கத்தைப் பார்க்கலாம். பீர் பாட்டிலில் கிராமத்தின் பெயர், மடத்தின் பெயர், குடும்பத்தின் பெயர். பக்கத்தில் இருக்கும் சாக்லேட் பெட்டியில்? பெரும்பாலும் 'பெல்ஜியன் சாக்லேட்' என்று மட்டும். ஆனால், பெல்ஜியத்தில் ஒரு கோகோ மரம்கூட வெளியில் விளையாது. பூமத்திய ரேகையின் இருபுறமும் சுமார் 20 டிகிரிக்குள் உள்ள வெப்ப மண்டலத்தில்தான் அது வளரும்.

ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய பெல்ஜிய சாக்லேட் ஒன்று உண்டு: 1883-ல் தொடங்கிய 'கோட் தோர்'. தங்கக் கரை என்று பொருள். இன்றைய கானா நாட்டுக்கு ஐரோப்பியர்கள் வைத்திருந்த பெயர். உறையில் யானைப் படம் இருக்கும். ஆனால், அங்கே கோகோ விளைவித்தவர்கள் யார் என்பதை அந்தப் பெயரும் படமும் சொல்வதில்லை.

பெல்ஜியத்தின் ஆப்பிரிக்கக் கணக்கு இன்னும் கசப்பானது. மன்னர் இரண்டாம் லியோபோல்ட், 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாகவே வைத்திருந்தார். ரப்பருக்காகவும் தந்தத்துக்காகவும் நடந்த கட்டாய உழைப்பு, கொலை, கைவெட்டு ஆகியவை உலகையே உலுக்கின. பிறகு, 1960 வரை காங்கோ பெல்ஜிய அரசின் காலனி. அங்கே மயோம்பே காட்டுப் பகுதியில் கோகோ தோட்டங்களும் போடப்பட்டன. காங்கோ சுதந்திரம் பெற்ற 60-வது ஆண்டில், 2020 ஜூனில், அந்தக் கொடுமைகளுக்காக மன்னர் பிலிப் 'ஆழ்ந்த வருத்தம்' தெரிவித்துக் காங்கோ அதிபருக்குக் கடிதம் எழுதினார்.

இன்று பெல்ஜியத்துக்கு வரும் கோகோவில் பெரும்பகுதி, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளிலிருந்து ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்குகிறது. மூட்டைகள் கலந்து, எடை போடப்பட்டு, தரம் பிரிக்கப்படும்போது தோட்டத்தின் பெயர் தொலைந்துபோகிறது. பெயர் தொலைந்தால் பொறுப்பும் தொலைகிறது. அந்த இரு நாடுகளின் கோகோ விளையும் பகுதிகளில் சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ வேலையில் இருப்பதாக, 2020-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. எந்தத் தோட்டத்துக் கொட்டை எந்தப் பிரலினுக்குள் போனது என்று யாரால் சொல்ல முடியும்?

2024-ன் முடிவில் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. சில ஆண்டுகளுக்கு முன்பு அது 2,500 டாலரை ஒட்டி இருந்தது. மழை தப்பியது, கிளை வீங்கும் வைரஸ் நோய் பரவியது, மரங்கள் கிழடாகிவிட்டன. பல பத்தாண்டுகள் குறைந்த விலையே கிடைத்ததால் புதுக் கன்று நட விவசாயி கையில் காசு இல்லை. விலை ஏறியபோதும், அரசு முன்கூட்டியே நிர்ணயித்த விலைக்கு விற்ற விவசாயிகளுக்கு அந்த ஏற்றம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. மிடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லாம்பிக் வடிப்பவரும், கானாவில் கோகோ பறிப்பவரும் ஒரே வானிலையைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறார்கள். ஒருவர் கவலை செய்தியாகிறது. மற்றவர் கவலை விலைப்பட்டியலாகிறது.

பெயர் திரும்பி வருகிறது

மாற்றம் தொடங்கியிருக்கிறது. பிரஸ்ஸல்ஸின் சப்லோன் சதுக்கத்தில் கடை வைத்திருக்கும் பியர் மார்க்கோலினி போன்றவர்கள், மூலச் சாக்லேட்டை வாங்கி உருக்காமல், கோகோ கொட்டையையே வாங்கித் தாங்களே வறுக்கிறார்கள். உறையில் விளைந்த நாட்டின் பெயரை எழுதுகிறார்கள். ப்ரூஜ் நகரின் சாக்லேட் கலைஞர் டொமினிக் பெர்சூன், காங்கோவின் கிழக்கே விருங்கா தேசியப் பூங்காவோடு சேர்ந்தார். கோகோ விளையும் இடத்திலேயே, பூங்காவின் நீர்மின்சாரத்தில் இயங்கும் சிறு சாக்லேட் தொழிற்சாலை அங்கே வந்தது. உள்ளூர் ஆட்கள் தங்கள் விளைச்சலிலிருந்து தாங்களே சாக்லேட் செய்கிறார்கள். ஆயுதக் குழுக்கள் அலையும் பகுதி அது. ஒவ்வொரு கட்டியும் அங்கிருந்து வெளியே வருவதே பெரிய விஷயம்.

காட்டை அழித்து விளைந்த கோகோ உள்ளே வரக் கூடாது என்று, 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு மூட்டையும் எந்த நிலத்தில் விளைந்தது என்ற வரைபடக் குறிப்போடு வர வேண்டும் என்கிறது அது. அமலுக்கு வரும் தேதிதான் தள்ளிக்கொண்டே போகிறது.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. இந்தியாவுக்குக் கோகோ முதலில் வந்தது 1798-ல், குற்றாலத்துக்கு. கிழக்கிந்திய கம்பெனி அங்கே நட்ட கன்றுகள்தான் தொடக்கம். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் கோகோ ஊடுபயிராக விளைகிறது. அங்கேயே புளிக்கவைத்து, வறுத்து, அந்த மண்ணின் பெயரைச் சொல்லி விற்கும் சாக்லேட்டுகள் கடைகளுக்கு வந்துவிட்டன.

பெல்ஜியத்துக்குப் போகிறவர்கள் சாக்லேட் பெட்டி வாங்காமல் திரும்புவதில்லை. வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்க்கலாம். கோகோ எந்த நாட்டில், முடிந்தால் எந்தப் பகுதியில் விளைந்தது என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்கலாம். பீர் எந்த ஊர் என்று கேட்டால் மடத்தின் வரலாற்றையே சொல்லத் தயங்காத நாடு அது. கோகோவுக்கும் அதே கேள்வியைக் கேட்பவர்கள் கூடக்கூட, பெட்டியின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயரும் தெளிவாக வந்து சேரும்.